ஒரே வெயில், இரண்டு வானம்

சித்திரை மாதத்து நண்பகல். கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்துத் தெருவில் தார் இளகிக் கிடக்கிறது. ஓட்டுக் கூரைகள் அனலைக் கக்குகின்றன. குழாயடியில் வைத்த குடம்கூடத் தொட்டால் சுடுகிறது. அந்த வேளையில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில், தண்ணீர் உறைந்துபோகும் குளிர் நிலவிக்கொண்டிருக்கிறது. 5 கிலோமீட்டர் பெரிய தூரமா? நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைச் செங்குத்தாக நடக்க நமக்கு வரம் கிடைத்திருந்தால், வெயிலில் கிளம்பியவர் உறைபனியின் வாசலில் போய் நின்றிருப்பார். கத்திரியிலும் கார்த்திகையிலும், ஆண்டு முழுவதும், ஒரு நாளும் விடுப்பின்றி அந்தக் குளிர் அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாம் விசிறிக்கொண்டே "என்ன வெக்கை, என்ன வெக்கை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை பெரிய அதிசயத்தை இத்தனை அருகில் வைத்துவிட்டு, அதைப் பார்க்கக் கண்ணையும் கொடுத்துவிட்டு, படைப்பு காத்திருக்கிறது. நாமோ நிமிர்வதில்லை. மழை வருமா என்று கைபேசியைத் தேய்த்துப் பார்க்கிறோம். சன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. துணி உலர்ந்ததா, வண்டி நனைந்ததா என்கிற அளவில் நமக்கும் வானத்துக்குமான உறவு முடிந்துபோகிறது. அந்த உறவை இன்னும் விட்டுவிடாதவர்கள் பிள்ளைகள். முதல் தூறல் விழுந்ததும் வகுப்பறையின் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்புகின்றனவே, அதைப் பார்த்திராத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். "கவனம் இங்கே இருக்கட்டும்" என்று அதட்டி அந்தத் தலைகளைக் கரும்பலகைக்குத் திருப்புவதுதான் வழக்கம். கரும்பலகையில் அன்றைக்கு எழுதியிருப்பது 'வானிலை' என்ற தலைப்பாக இருந்தாலும்கூட.

கருணாபுரம் என்ற பெயர் 2024 ஜூனில் நாடெங்கும் சொல்லப்பட்டது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அறுபதுக்கும் மேலான உயிர்களைக் கொண்டுபோன விஷச் சாராயத்தின் துயரத்தோடு சேர்த்து அது சொல்லப்பட்டது. அந்தக் கண்ணீரின் முன்னால் எந்த எழுத்தும் தயங்கித்தான் நிற்க வேண்டும். ஆனாலும் ஓர் ஊரை அதன் மிகக் கொடிய வாரத்தை வைத்தே என்றென்றும் அடையாளம் காட்டுவது நியாயமில்லை. அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் எழுந்து பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயும், முன்னே சொன்ன அந்தப் பெரும் வானம் குறைவின்றி விரிந்திருக்கிறது. மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரிகிறது. புவியியல் படிக்க இதைவிட நல்ல இடம் எளிதில் வாய்க்காது என்பது என் எண்ணம்.

ஏனென்றால், ஒரே கல்வி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே இரண்டு வானங்களின் கீழ் படிக்கிறார்கள். கீழே கள்ளக்குறிச்சி: கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற சமவெளி. மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாகிய கல்வராயன்: வெள்ளிமலை, கரியாலூர் என்று மேட்டு நிலத்து ஊர்கள், சாமையும் கடுக்காயும் தேனும் கண்ட மலையாளிப் பழங்குடி மக்கள், அவர்கள் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் ஒரு பேருந்துப் பயணம்தான் இந்த இரண்டுக்கும் இடையில். இரண்டு இடத்திலும் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஒரே பாடம், 'வானிலையும் காலநிலையும்'. இரண்டு இடத்திலும் அதே கேள்வி: வேறுபடுத்துக. பிள்ளைகள் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் வானிலை, வலப்பக்கம் காலநிலை என்று நெட்டுருப் போட்டதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். உண்மையான வேறுபாடு சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. வெள்ளிமலைப் பிள்ளை அன்று குறித்த அளவையும் கருணாபுரத்துப் பிள்ளை அன்று குறித்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அந்தப் பாடம் எழுந்து நடமாடத் தொடங்கிவிடும்.

வெயிலிலிருந்தே தொடங்கலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருகிறது. ஊன்றிய கம்பின் நிழல் அன்றைக்குக் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று இதைச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல ஊர்களில் மாணவர்களை மைதானத்தில் கூட்டி இதைக் காட்டிவருகிறார்கள். குமரி முனையில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வரும் இந்த நாள், சூரியன் வடக்கே நகர நகர ஒவ்வோர் ஊராகத் தொட்டு, கள்ளக்குறிச்சிக்கு ஏப்ரல் 21-ஐ ஒட்டி வந்து, மூன்று நான்கு நாள் கழித்துச் சென்னையை எட்டுகிறது. திரும்பி வருகையில் ஆகஸ்டில் மறுபடியும் தொட்டுவிட்டுப் போகிறது. கம்பு ஒன்று, தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு, நண்பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில் கொஞ்சம் பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு நெருப்புக் கோளத்தின் கணக்கைக் கருணாபுரத்துச் சிறுமி ஒருத்தி தன் நிழலில் சரிபார்த்துவிடலாம். அந்தக் கணக்கு ஒரு முறையும் பிசகியதில்லை.

வெள்ளிமலையிலும் கருணாபுரத்திலும் நிழலில்லா நாள் ஏறத்தாழ ஒன்றே. அட்சரேகையில் இரண்டும் அத்தனை நெருக்கம். ஆகவே சூரியன் இருவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஒரே கோணத்தில், ஒரே தாராளத்தோடு மலைக்கும் வெளிக்கும் வெயில் விழுகிறது. பின் எதனால் மேலே குளிர்? எந்த ஊர்ப் பள்ளியானாலும் ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: "சார், மலை மேல இருக்கறவங்க சூரியனுக்குக் கிட்ட தானே இருக்காங்க? அப்ப அங்க தானே ஜாஸ்தி சுடணும்?" இதைக் கேட்டுச் சிரிக்கும் ஆசிரியரை நான் நல்ல ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன். அறிவின் வாசல் அந்தக் கேள்வியில்தான் திறக்கிறது.

வெயில் காற்றைப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. காற்றை ஊடுருவி வந்து நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம்தான் தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. நமக்கான அடுப்பு வானத்தில் இருந்தாலும், அது கனன்று சூடு தருவது நம் காலடியிலிருந்து. சூடேறிய காற்று மேலே எழுகிறது. எழ எழ அதன்மேல் அழுத்தும் பாரம் குறைகிறது. பாரம் குறையக் குறைய அது விரிகிறது. விரியும்போது தன் வெப்பத்தைத் தானே செலவழித்துக் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பது புவியியலின் பழைய கணக்கு. கருணாபுரத்தைவிட 700 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளி இருந்தால் நாலரை டிகிரி. கீழே 38 என்று குறிக்கும் நாளில் மேலே 33-ஐ ஒட்டி. இந்த நாலரை டிகிரிக்குள் எத்தனை வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன! எந்த மரம் எந்த வளைவுக்கு மேலே நிற்க வேண்டும், எந்தப் பூ எந்த மாதம் அவிழ வேண்டும், எந்தத் தேனீ எங்கே அடை கட்ட வேண்டும் என்பதையெல்லாம், விரியும் காற்றின் இந்தச் சிறு சிக்கனம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சொல்லி முடித்ததும், படைப்பு நம்மைப் பார்த்துப் புன்னகைக்கும் நாள் ஒன்று வரும். மார்கழியில், மேகமில்லாத, காற்று அசையாத ஓர் இரவு. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைத் தொட்டுக் கிடக்கும் காற்று குளிர்ந்து கனத்துப்போகிறது. கனத்த காற்று சரிவில் வழிந்து தாழ்வான இடங்களில் வந்து தேங்குகிறது. விடியற்காலையில் பள்ளத்து வயலில் மூடுபனி கனத்துக் கிடக்க, அதற்குச் சற்று மேலே மலைச்சரிவில் நிற்பவருக்குக் குளிர் குறைவாக இருக்கும். உயரப் போகப் போகக் குளிரும் என்ற விதி அந்தச் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தை மட்டும் படித்த பிள்ளை தன் வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைக்கும். தினமும் அளந்துவந்த பிள்ளைக்கு மட்டும் சந்தேகம் தட்டும். அந்தச் சந்தேகத்தில் அது அடிவாரத்துப் பிள்ளையிடம் "உனக்கு எவ்வளவு?" என்று கேட்கும்.

அளக்கக் கருவி பெரிதாக வேண்டாம். வெப்பமானிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். வெயில் நேராகப் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் வெப்பத்தையே காட்டும். உலகெங்கும் வானிலை நிலையங்களில் நிற்கிற வெள்ளைச் சட்டப்பலகைக் கூண்டு அதற்காகத்தான். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்; 'புதையல் தீவு' எழுதினாரே, அந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. மகன் கடலின் கதைகளைச் சொன்னார், தந்தை காற்றின் வெப்பத்துக்கு ஒரு நிழல்வீடு கட்டிக்கொடுத்தார். மழைக்கு இன்னும் எளிது. தண்ணீர் பாட்டில் ஒன்றின் மேல்பாகத்தை அறுத்துக் கவிழ்த்துப் புனலாக உள்ளே செருகினால் மழைமானி ஆயிற்று. அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு, பக்கவாட்டு நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போட வேண்டும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது. காலை எட்டரை மணிக்குப் பார்த்துக் குறிக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைக் கணக்கெடுப்பது அந்த நேரத்தில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஒருவர் எண் மற்றவர் எண்ணோடு பேசும்.

அந்த எண் எத்தனை கனமானது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளி வாசலில் நான்கு குச்சி நட்டு, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, ஒரு லிட்டரை அதில் ஊற்றிக் காட்டினால் போதும். பிறகு ஏக்கருக்குப் போகலாம். உழவர்கள் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று ஏர் இறங்கும் ஈரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். நல்ல மழையாக 25 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் இறங்கியது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லட்சம் லிட்டரையும் பம்பு இல்லாமல், குழாய் இல்லாமல், ஒரு நாற்றின் தலையைக்கூட ஒடிக்காமல் வயலில் பரப்பிவிட்டு மேகம் போய்விடுகிறது.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆவி நீராகும்போது, ஆவியாக்கச் செலவான வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு கிலோ நீருக்கு 25 லட்சம் ஜூல். அந்த ஓர் ஏக்கர் மழைக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 70,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது 29 ஆண்டுக்குப் போதும். ஓர் ஏக்கருக்கே இவ்வளவு! ஒரே மாலையில் ஒரு வட்டாரம் முழுக்கப் பெய்யும் மழையில் எத்தனை விடுபட்டிருக்கும்! அத்தனையும் நம் தலைக்கு மேல் நடக்கிறது. நாம் முறுக்குக் கடித்துக்கொண்டு திண்ணையில் வேடிக்கை பார்க்கிறோம்.

அந்தப் பேராற்றலை ஏந்தி வருவது எது? ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பருமனுள்ள நீர்த்துளி. மேகம் என்பது அவற்றின் கூட்டம். அந்தத் துளியும் தனியாகப் பிறந்துவிடுவதில்லை. பற்றிக்கொள்ளக் கடலிலிருந்து பறந்து வந்த ஓர் உப்புத் துகளோ, வயலிலிருந்து எழுந்த ஒரு தூசோ வேண்டும். பறங்கிப்பேட்டைக் கரையில் உடைந்த அலை தெறித்த உப்பு, கல்வராயன் உச்சியில் ஒரு மேகத் துளிக்குக் கருவாகியிருக்கலாம். இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால் நம் புறங்கையில் விழும் ஒரு மழைத்துளி. ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள சாதாரண வெண்முகிலில் ஏறத்தாழ 500 டன் தண்ணீர் இருக்கும். நூறு யானை எடைக்கும் அதிகம். ஒவ்வொரு துளியும் அத்தனை சிறிதாக இருப்பதால்தான் அத்தனை எடையும் விழாமல் நிற்கிறது. துளிகள் கொஞ்சம் பெரிதாக வகுக்கப்பட்டிருந்தால் மேகம் என்று ஒன்று மிதந்திருக்காது. இன்னும் சிறிதாக இருந்தால் மழை என்று ஒன்று இறங்கியிருக்காது. அந்த நூலிழை இடைவெளியில்தான் நம் நெல்லும் நாமும் பிழைத்திருக்கிறோம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கோடை மழையின் வருகையைக் கவனித்தால் மலைக்கும் வெளிக்கும் உள்ள உறவு இன்னும் விளங்கும். மேற்கிலிருந்து வீசும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் சுமையை இறக்கிவிட்டு வறண்டு இந்தப் பக்கம் வருகிறது. பகலெல்லாம் நிலம் காய்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று புறப்பட்டு, நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த உள்நாட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது. மேற்கத்திக் காற்றும் கிழக்கத்திக் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே எழும்புகிறது. மலைச்சரிவு கிடைத்தால் அதில் கால் வைத்து ஏறுகிறது. பொங்கல் பானையில் பால் பொங்குவதுபோல் அரை மணி நேரத்தில் ஒரு மேகம் 10 கிலோமீட்டர் உயரத்துக்குப் பொங்கிவிடுகிறது. அதன் உச்சி முழுக்கப் பனிப்படிகம். கருணாபுரத்தில் விழும் கொழுத்த கோடைத் துளிகள் பல, சற்று முன்னர் பனித்துண்டாக இருந்து வழியில் உருகியவை. பிள்ளைகள் வாய் திறந்து நாக்கில் ஏந்துகிறார்களே, அது அந்த உயரத்துப் பனி.

இந்த மழை தெற்குத் தெருவை நனைத்துவிட்டு வடக்குத் தெருவைத் தொடாமல் போய்விடும். நாம் எல்லோரும் கண்டதுதான். அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று, ஊரின் மேற்குப் பக்கம் ஓர் அடிக்கும் மேலாக மழை கொட்டியது. கிழக்குப் பக்கம் இரண்டு அங்குலம்கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு வானம் இருந்ததை யாரும் உரிய நேரத்தில் அறியவில்லை. அடுத்த ஆண்டே அங்கு வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் தன்னார்வலர் அமைப்பு ஒன்று பிறந்து நாடு முழுக்கப் பரவியது. இதற்கு வெகுகாலம் முன்பே, 1860-ல், சைமன்ஸ் என்பவர் இங்கிலாந்தில் 168 இடங்களின் மழைக்குறிப்புகளைத் திரட்டி ஆண்டுத் தொகுப்பு வெளியிடத் தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது 3,000-ஐத் தாண்டிவிட்டது. அத்தனை இடங்களிலும் தினமும் காலையில் எழுந்து ஒரு குழாயைப் பார்த்துக் குறித்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், கொரியாவில் 1441-ல் உருவான மழைமானியை அரசு ஊர்தோறும் அனுப்பி அளவெடுக்கச் சொன்னது. நம் அர்த்தசாஸ்திரமோ களஞ்சியத்தின் முன்னே மழையளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்வதோடு, எந்த நிலப்பகுதிக்கு எவ்வளவு மழை என்றும் பட்டியல் தருகிறது. வானத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு அத்தனை பழையது.

மலைக்கும் வெளிக்கும் நடுவே வேறுபாடு உண்டு. அதோடு உறவும் உண்டு. கல்வராயனில் பெய்த மழை பாறைகளில் இறங்கி, மேகம் அருவியாகவும் பெரியார் அருவியாகவும் விழுந்து, ஓடைகளாகக் கூடி, கோமுகியாகி, 46 அடி அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சியை ஒட்டி நடந்து, ஏரிகளுக்குப் பங்கு கொடுத்து, வெள்ளாற்றில் கலந்து, பறங்கிப்பேட்டை அருகே கடலுக்குள் போகிறது. ஆக, கரியாலூரில் ஒரு பிள்ளை இரவு மழையைக் காலையில் அளந்தால், அந்த எண் கீழேயுள்ள பிள்ளைக்கு வரப்போகும் ஆற்றைப் பற்றிய சேதி. கேரளத்தில் மீனச்சில் ஆற்றுப் பகுதியில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. மேட்டுப் பகுதிகளில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் மழையளக்கிறார்கள். பாலங்களில் அளவுக்கோடு வரைந்து ஆற்றின் மட்டத்தைப் பார்க்கிறார்கள். எண்கள் கீழ்நோக்கிப் பகிரப்படுகின்றன. அதே மாநிலத்தில் புவியியல் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வானிலை நிலையங்களும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்குப் பரிசோதனைகளைக் கொண்டு செல்கிறது. அந்தப் பரிசோதனைப் பொருள்களோடு ஒரு மழைமானியும் ஒவ்வொரு பள்ளிக்கும் போனால் பெரிய செலவாகிவிடாது.

2024 டிசம்பர் முதல் நாள் காலை எட்டரை மணிக்கு எடுத்த மழைக்கணக்கை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி அப்படியே தயங்கி நின்றது. அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். மறுநாள், புயல் வலுவிழந்து உள்ளே நகர்ந்தபின், மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50. இந்தக் கணக்குக்குப் பின்னால் மலைப்பூட்டும் உண்மை ஒன்று இருக்கிறது. பூமியின் காற்று முழுவதிலும் உள்ள ஆவியை ஒட்டுமொத்தமாக நீராக்கி உலகம் முழுக்கச் சமமாகப் பரப்பினால் தேறுவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். வானத்தின் கையிருப்பு அவ்வளவே. அப்படியிருக்க மயிலத்தின் மேல் அதைப்போல் இருபது மடங்கு இறங்கியது என்றால், எத்தனை பரந்த கடலிலிருந்து அந்தப் புயல் ஈரத்தை அள்ளி அள்ளி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்! இரண்டரை சென்டிமீட்டர் முதலை வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கொருமுறை அதைச் செலவழித்து, மறுபடி கடலிலிருந்து நிரப்பி, ஆண்டு முழுக்க ஆறுகளை ஓடவைக்கும் இந்த நிர்வாகத்தின் முன்னால் நம் கணக்குப்பிள்ளைத்தனமெல்லாம் எம்மாத்திரம்.

கருவிகள் வருவதற்கு முன்பும் நம் முன்னோர் வெறுங்கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஈசல் புறப்படுவதும் தும்பி தாழப் பறப்பதும் எறும்பு முட்டையோடு மேடேறுவதும் அவர்களுக்குக் குறிப்புகள். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள் பாட்டிமார்கள். கிட்டக் கோட்டை எட்ட மழை, எட்டக் கோட்டை கிட்ட மழை. இதில் எல்லாம் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிலாவை விட்டு விலகி நிற்கும் அந்தப் பெரிய வளையம், ஆறு ஏழு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாய்ப் பரவிய அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை 22 டிகிரி வளைத்து வரைந்த வட்டம். நெருங்கிய சிறு வளையமோ நீர்த்துளிகளின் வேலை. உயரப் படலம் பல நேரங்களில் வரப்போகும் மழைக்கு முன்தூது. ஆகவே எட்டக் கோட்டையைப் பற்றிப் பாட்டி சொன்னதையும் நோட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்: கோட்டை தெரிந்த தேதி, அடுத்த மூன்று நாள் மழை அளவு. இரண்டு ஆண்டில் பாட்டிக்கு எத்தனை மதிப்பெண் என்று பேத்தியே போட்டுவிடுவாள்.

அந்த நோட்டில் பெரும்பாலான பக்கங்கள் பூஜ்ஜியமாகத்தான் இருக்கும். இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று ஏற்கிறது. அப்படிப்பட்ட நாள் நம் பக்கம் ஆண்டில் சில பத்துகளுக்கு மேல் இராது. மற்ற நாளெல்லாம் காலை எட்டரைக்கு வெறும் பாட்டிலைப் பார்த்து 0.0 என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் சிரமமான பாடம். மழையன்று ஓடிவந்து அளப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றும் நிகழாத நாளையும் ஒரு நாளாக மதித்து, அதற்கும் ஒரு வரி ஒதுக்கினால்தான் மழை நாளின் எண்ணுக்குப் பொருள் வருகிறது. சராசரி என்ற ஒன்று பிறக்கிறது. வானிலை மெல்ல மெல்லக் காலநிலையாகிறது. எழுதாமல் விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல என்பதை எட்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் அது பெரிய சொத்து.

இதில் நடைமுறைத் தொல்லை ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தின் இடியும் மின்னலுமான கோடை மழை மே மாதத்தில் வலுக்கிறது. அப்போது பள்ளிக்குப் பூட்டு. மைதானத்து மழைமானியைப் பார்க்க ஆளிருக்காது. மலைமேல் உறைவிடப் பள்ளியின் பிள்ளைகள் அவரவர் சிற்றூருக்குப் போய்விடுவார்கள். கீழே சிலர் கரும்பு வெட்டப் போன பெற்றோரோடு போயிருப்பார்கள். எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழி, பாட்டிலையும் அவர்களோடு அனுப்பிவிடுவது. ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு பென்சில், கட்டம் போட்ட ஒரு தாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாத் தாளையும் ஒரு வரைபடத்தின் மேல் ஊசி குத்தி ஒட்டினால், பள்ளி நடக்கும் மாதங்களில் இரண்டே இடமாக இருந்த மழை அப்போது முப்பது நாற்பது இடமாகத் தெரியும். சில தாள்கள் நனைந்து வரும், சிலவற்றை ஆடு தின்றிருக்கும். விடுபட்ட நாட்களை அப்படியே காலியாக விட்டுவிட வேண்டும்.